வாய் திறவாமையும் பொய்யாகுமோ?

பொய் பேசுதல் குற்றம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. முதலாம் ஆண்டில் பயிலும் மாணவனும் அதனை அறிவான். அரிச்சந்திரன் கதையைக் கேட்ட குழந்தை, நாட்டை இழந்தாலும் மனைவி மக்களைப் பிரிந்தாலும் பொய் சொல்லலாகாது என்னும் பாடத்தை மனத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் நாம் அன்றாடம் நடத்தும் வாழ்க்கையில், "பொய் சொல்வாயா?" என்னும் வினா நேருக்கு நேராக நம்முன் வந்து நிற்பது அரிது. வேறொரு வினாவே அடிக்கடி வருகிறது. "உன்னை எவரும் கேட்கவில்லை, நீயாக முன்வந்து சொல்வாயா?" என்பதே அவ்வினா. பேசிய பொய்யைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறோம். பேசாத மெய்யைப் பற்றிக் குறைவாகவே சிந்தித்திருக்கிறோம்.

இச்சிந்தனையைத் தொடங்க நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. நம் வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்தே போதும். அது வெள்ள நீரில் ஒருமுறை நின்றுபோன மகிழுந்தாயின் இன்னும் பொருத்தம்.

மலேசியாவுக்கு வெள்ளம் புதியதன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரை மாநிலங்கள் ஆண்டுதோறும் அதனை எதிர்பார்த்தே இருக்கின்றன. 1971 ஜனவரியில் தலைநகர் கோலாலம்பூரே நீரில் நின்றது. 2014 டிசம்பரில் கிளந்தான் பேரழிவைக் கண்டது. 2021 டிசம்பர் 18 ஆம் நாளையொட்டிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகள் மூழ்கின. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நேர்ந்த வெள்ளங்களின் இழப்பை மலேசியப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. அதில் வாகனங்களுக்கு நேர்ந்த இழப்பு மட்டும் ஏறத்தாழ 100 கோடி ரிங்கிட்டாகும்.

இத்தனை வாகனங்களும் பின்னர் என்ன ஆகின்றன? சில உடைப்பதற்குப் போகின்றன. சில பழுது பார்க்கப்பட்டு உரியவரிடமே இருக்கின்றன. வேறு சில பழுது பார்க்கப்பட்டுக் கழுவி மெருகேற்றப்பட்டுப் பிறர் கைக்கு மாறுகின்றன. நாம் ஆராயவிருக்கும் வினா இந்தக் கைமாற்றத்தில்தான் பிறக்கிறது. அதனைச் சரியாகப் புரிந்துகொள்ள, நீர் ஓர் இயந்திரத்தை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மகிழுந்தின் இயந்திரம் நான்கு வீச்சுகளில் தொழிற்படுகிறது. உருளைக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. அது மேலேறும்போது அவை அழுத்தப்படுகின்றன. தீப்பொறி பட்டு எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அது மீண்டும் மேலேறும்போது புகை வெளியேறுகிறது. காற்று அழுத்தத்துக்கு இணங்கிச் சுருங்கும் இயல்புடையது என்பதாலேயே இவ்வேற்பாடு நடைபெறுகிறது. காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாய்க்கு மேல் வெள்ளம் ஏறிவிட்டாலோ, காற்றுக்கு மாற்றாக நீர் உருளைக்குள் புகுகிறது. நீர் சுருங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடுகிறது. சில வேளைகளில் அது ஒடிந்து இயந்திரத்தின் சுவரையே துளைத்துவிடுகிறது. நீரில் நின்றுபோன வண்டியைச் சாவி திருகி மீண்டும் மீண்டும் முடுக்க முயல்வது இச்சேதத்தை மேலும் பெருக்கும். "முடுக்காதே, இழுத்துக்கொண்டு வா" என்று பட்டறையில் தேர்ந்தவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

தண்டு ஒடிந்துவிட்டால் குறை அன்றே வெளிப்பட்டுவிடும். சிறிதளவே வளைந்திருந்தால் என்ன ஆகும்? தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் மாற்றினால் இயந்திரம் ஓடத் தொடங்கும். பழகாத செவிக்கு அதன் ஓசையில் வேறுபாடு தெரியாது. வளைந்த தண்டு சில மாதங்கள் உழைத்துவிட்டு, ஒருநாள் நெடுஞ்சாலையில் ஒடியக்கூடும். எண்ணெயில் கலந்த நீர் அதனைப் பால் விட்ட தேநீரின் நிறத்துக்கு மாற்றும். அதனை நீக்காமல் ஓட்டினால் உள்ளுறுப்புகள் தேயும். மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுநீர் பச்சைக் களிம்பாகப் படியும். முதலில் ஒரு சன்னல் இறங்காது. பின்னர் ஒரு விளக்கு எரியாது. இறுதியில், உயிரைக் காக்க வேண்டிய காற்றுப்பை வேண்டிய வேளையில் விரியாமலும் போகலாம்.

இங்கே நாம் கருத வேண்டியது இந்தக் கால இடைவெளியையே. வெள்ளம் வந்த நாளுக்கும் பழுது தோன்றும் நாளுக்கும் இடையில் சில வாரங்களோ பல மாதங்களோ செல்கின்றன. அந்த இடைவெளியில் வண்டி நல்ல வண்டியாகவே காட்சி தருகிறது. அது வெள்ளத்தில் கிடந்தது என்பதை அறிந்தவர் ஒருவரே. அறியாமல் வாங்குபவர் மற்றொருவர். பின்னர் நேரும் துன்பம் முழுவதும் அறியாதவரையே சேர்கிறது.

விற்பவரைக் கொடியவராகக் கருதிவிட்டால் இவ்வினா எளிதாகிவிடும். ஆனால், அவர் பெரும்பாலும் கொடியவர் அல்லர், நம்மைப் போன்றவரே. ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர். ஓரிரவில் வீட்டுப் பொருள்களையும் மகிழுந்தையும் வெள்ளத்துக்குக் கொடுத்தவர். முழுமைக் காப்புறுதி எடுத்திருந்தும் இழப்பீடு பெறாதவர். ஏனெனில், மலேசியாவில் வழக்கமான முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேர்வதில்லை. தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையிருப்பைச் செலவிட்டு அவர் வண்டியை ஓட வைத்துவிட்டார். இப்போது அதனை விற்க எண்ணுகிறார். வாங்க வருபவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார், ஓட்டியும் பார்க்கிறார், "நன்றாக இருக்கிறது, ஐயா" என்கிறார். வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. விற்பவர் சொல்ல வேண்டுமா?

இவ்வினா ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்ததுண்டு. உரோம நாட்டுச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44 இல் தம் மகனுக்கு எழுதிய 'கடமைகளைப் பற்றி' என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். நச்சுக் காற்றும் பாம்பும் உளுத்த மரமும் உடைய ஒரு வீட்டை அதன் உரிமையாளர் விற்கிறார். குறைகளை அவர் மட்டுமே அறிவார். அவர் அவற்றைச் சொல்லக் கடமைப்பட்டவரா? ஸ்டோயிக் நெறியைச் சேர்ந்த இருவர் இதில் மாறுபட்டனர் என்கிறார் சிசரோ. பாபிலோன் நகரத்து டயோஜெனிஸ், சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்றார். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்பது அவர் வாதம். வாங்கு என்று எவரும் வற்புறுத்தவில்லையே என்றும் அவர் வினவினார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் இதனை ஏற்கவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருத்தலே பழிக்குரியதாயின், ஒருவன் அறியாமையால் கெடுவதைப் பார்த்துக்கொண்டே அவன் பணத்தைப் பெறுவது அதனினும் பெரும் பழி அன்றோ என்று கேட்டார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார்.

ஆசிரியரும் மாணவரும் மாறுபட்ட இவ்வழக்கில், டயோஜெனிஸின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. அறிந்தவை அனைத்தையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க எவராலும் இயலாது. அண்டை வீட்டாரின் குறைகளைச் சொல்லாமல் இருப்பது பண்பாடு. நோயுற்றவரிடம் காலமறிந்து பேசுவது அன்பு. ஆகவே, மௌனம் எல்லாம் பொய் என்று கூறுவார் மிகையாகக் கூறுபவரே. எந்த மௌனம் குற்றமாகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வளவுகோலைத் தேடியிருக்கிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி அமைந்தது மலேசியாவின் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதன் 17 ஆம் பிரிவு, வஞ்சனை எது என்பதை விளக்க ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நோயுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். அதன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இஃது வஞ்சனை ஆகாது என்கிறது சட்டம். ஆனால், வாங்குபவர் அண்மையில் பருவ வயதை எட்டிய அவருடைய சொந்த மகளாயின், அவ்வுறவே சொல்லும் கடமையை உண்டாக்கிவிடுகிறது. இன்னும் ஒன்று: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் வாய் மூடியிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும். குறையைத் திட்டமிட்டு மறைப்பதையும் அதே பிரிவு வஞ்சனையாகவே கருதுகிறது. சேறு தெரியாமலிருக்க விரிப்பை மாற்றுவதும், நாற்றம் தெரியாமலிருக்க நறுமணம் தெளிப்பதும் மௌனத்தின் எல்லையைக் கடந்தவை என்பது இதனால் விளங்கும். வணிகராக இருந்து விற்பவருக்கு 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மேலும் சில கடமைகளை விதிக்கிறது.

இந்த மூன்று குதிரைகளையும் நாம் உற்றுநோக்க வேண்டும். குதிரை ஒன்றுதான்; நோயும் ஒன்றுதான். மகளுக்கு விற்கும்போது மட்டும் சொல்லும் கடமை எங்கிருந்து வந்தது? மகள் தந்தையை நம்புகிறாள் என்பதிலிருந்தே வந்தது. அப்படியானால், சட்டத்தின் வினா "யார் மகள்?" என்பதாக இருக்கலாம், அறத்தின் வினாவோ "யார் நம்பி வந்திருக்கிறார்?" என்பதாகும். "நன்றாக இருக்கிறது, ஐயா" என்று சொன்ன இளைஞர், விற்பவரின் முகத்தைப் பார்த்தே அதனைச் சொன்னார். மறுமொழியை எதிர்பார்த்தே சொன்னார். மூன்றாவது எடுத்துக்காட்டில் வருபவரும் அவரும் நெடுந்தூரம் விலகியவர் அல்லர்.

வாய்மையைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் நமக்கு வேறொரு வழியில் இதே இடத்தைக் காட்டுகிறார். ஒரு சொல் நடந்ததோடு பொருந்துகிறதா என்பதை அவர் முதல் அளவுகோலாக வைக்கவில்லை. பிறருக்கு அதனால் தீங்கு விளையாதிருக்கிறதா என்பதையே முன்வைக்கிறார். இவ்வளவுகோலைச் சொல்லுக்கு மட்டுமன்றிச் சொல்லாமைக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம். அண்டை வீட்டாரின் குறையைப் பேசாதிருப்பதால் எவருக்கும் தீங்கில்லை, பேசினால்தான் தீங்கு. வெள்ளம் கண்ட வண்டியைப் பற்றிப் பேசாதிருப்பதாலோ, ஒருவர் தம் சேமிப்பை இழக்கிறார். சில வேளை உயிருக்கே இடர் நேர்கிறது. அறிந்தவர் ஒருவர் மட்டுமாக இருந்து, மற்றவர் தாமாக அறிய இயலாதவராக இருந்து, தீங்கும் அறியாதவரையே சேருமாயின், அங்கே மௌனம் பொய்யின் தொழிலையே செய்கிறது. இதுவே நான் முன்வைக்க விரும்பும் அளவுகோல்.

இதற்கு எதிராகக் கூறப்படும் காரணங்கள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

"வாங்குபவர்தாம் ஆராய்ந்து வாங்க வேண்டும்" என்பர். ஆராய்வது நன்றே. இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துரு, விரிப்பின் அடியில் வண்டல், விளக்கின் உள்ளே நீராவிப் படலம் ஆகியவற்றைத் தேர்ந்தவர் கண்டுகொள்வர். ஆனால், உரிமை மாற்றத்துக்குரிய பரிசோதனையிலும் இயந்திரத்தைப் பிரித்துத் தண்டு வளைந்திருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரு சொல்லால் தெரிவிக்கக்கூடியதை, இயந்திரத்தைப் பிரித்தறியுமாறு மற்றவர்மேல் சுமத்துவது முறையாகாது.

"பழுது வரும் என்று எனக்கே உறுதியாகத் தெரியாதே, தெரியாததை எப்படிச் சொல்வேன்?" என்பர். இது நேர்மையான ஐயம். ஆனால், வருங்காலத்தைக் கணித்துச் சொல்லுமாறு அறம் எவரையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். எந்த நாளில் வெள்ளம் வந்தது, நீர் எதுவரை ஏறியது, வண்டி நீரில் எத்தனை மணி நேரம் நின்றது, எவையெவை மாற்றப்பட்டன என்பனவற்றை விற்பவர் அறிவார். எஞ்சியதை, "அறியேன்" என்று சொல்லிவிடலாம். பட்டறைச் சீட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டால், வாங்குபவர் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டி முடிவு செய்துகொள்வார்.

மூன்றாவதாகக் கூறப்படுவதே மனத்தை வருத்துவது. "வெள்ளம் என் குற்றமன்று. இழந்தவன் நான். இந்த இழப்பை நான் ஒருவனே ஏன் சுமக்க வேண்டும்?" இக்குரலில் நியாயம் உண்டு. உண்மையைச் சொன்னால் விலை குறையும். அக்குறைவு ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவுக்கு ஈடாக இருக்கலாம். நேர்மையாக நடப்பவருக்கு ஒன்றும் குறையாது என்று ஆறுதல் கூறுவது எளிது, அஃது உண்மையன்று. குறையும். ஆனால், இழப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு அறவழிகள் இருக்கின்றன. உறவினர் உதவலாம், அரசு உதவலாம், உண்மையை அறிந்த ஒருவர் குறைந்த விலைக்கு மனமொப்பி வாங்கலாம். மறைத்து விற்பது பகிர்தல் ஆகாது. இழப்பு முழுவதையும் தமக்குத் தெரியாமலே வேறொருவர் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வது அது. வெள்ளத்தைக் கொணர்ந்தது இயற்கை. அதற்கு எவரும் பொறுப்பல்லர். அதே வெள்ளத்தை அறியாதவர் வீட்டு வாசலுக்கு அனுப்பி வைப்பதோ மனிதர் செயல். அதற்குப் பொறுப்பாளர் உண்டு. துன்பப்பட்டவர் என்பதால் நமக்கு இரக்கம் பெறும் உரிமை உண்டு. பிறரைத் துன்புறுத்தும் உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை.

மறைத்து விற்பதால் கெடுபவர் வாங்கியவர் மட்டுமல்லர் என்பதையும் எண்ண வேண்டும். 2001 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான ஜார்ஜ் அகெர்லோஃப், 1970 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பழைய மகிழுந்துச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். எது நல்ல வண்டி, எது குறையுள்ள வண்டி என்று வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, அவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு விற்க மனமின்றி நல்ல வண்டியுடையவர் சந்தையைவிட்டு விலகுவார். எஞ்சுவன குறையுள்ளவையே. நாணயமாக விற்பவரின் சொல்லும் நம்பப்படாத நிலை அங்கே தோன்றுகிறது. ஒருவரின் மௌனம் மற்றொருவரின் மெய்யையும் மதிப்பிழக்கச் செய்கிறது என்பதைப் பொருளியல் வழியாகவும் அறிகிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன பணி இருக்கிறது? நன்னெறிக் கல்வி பாடத்தில் 'நேர்மை' என்னும் தலைப்பு வரும்போது, கண்டெடுத்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்த சிறுவனைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அது நல்ல கதைதான். ஆனால், மாணவர்கள் வளர்ந்தபின் பணப்பையைக் கண்டெடுக்கும் நாள்கள் சிலவே. அறிந்ததைச் சொல்வதா, வாளா இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய நாள்கள் மிகப் பல. வீட்டை விற்கும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், திருமணப் பேச்சு நடத்தும்போதும் இவ்வினா வரும். ஆகவே, உயர்நிலை மாணவர்க்கு அந்த மூன்று குதிரைகளையும் வெள்ளம் கண்ட ஒரு மகிழுந்தையும் கொடுத்து வாதிடச் செய்வது பயனுடையது. இங்கே அறிந்தவர் யார், அறிய இயலாதவர் யார், தீங்கு யாரைச் சேரும் என்று அவர்கள் தாமே கேட்டுக்கொள்ளட்டும். விற்பவரின் வறுமையை எடுத்துப் பேசவும் ஒரு மாணவருக்கு இடம் தர வேண்டும். எதிர்த்தரப்பின் துன்பத்தை உணராத நேர்மை, தேர்வுத்தாளில் எழுதும் நேர்மையாகவே நின்றுவிடும்.

வகுப்பறையைவிட வலிமை வாய்ந்த பாடசாலை ஒன்று உண்டு. அது வீடு. வண்டியை வாங்க வந்தவரோடு தந்தை பேசிக்கொண்டிருக்கும்போது, வாசற்படியில் அமர்ந்து ஒரு குழந்தை அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளம் வந்த இரவை அக்குழந்தை மறந்திருக்காது. நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதும் அதற்குத் தெரியும். தந்தை என்ன சொல்கிறார், எதனைச் சொல்லாமல் விடுகிறார் என்பதை அது கவனித்துக்கொண்டே இருக்கிறது. அவர் வண்டியின் கதவைத் திறந்து, இருக்கையின் ஓரத்தில் கையை வைத்து, "தண்ணீர் இதுவரை வந்தது, தம்பி, பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று சொல்வாராயின், விலையில் சில ஆயிரம் ரிங்கிட் குறையலாம். நாம் பல ஆண்டுகள் வகுப்பில் நின்று கற்பிக்க முயலும் ஒன்றை, அக்குழந்தை அந்த ஒரு மாலைப்பொழுதிலேயே கற்றுக்கொண்டிருக்கும்.